எப்சி டீச்சர் விளையாடப் படித்தது

உக்காரும்மா, உக்காரு. எடம் இருக்கும்போது பையத் தூக்கிக்கிட்டு எதுக்கு நிக்க? ஜன்னலோரம் எனக்கு வேணும், இல்லன்னா தலை சுத்தும். நீ இந்தப் பக்கம் இரி. தம்பி, ஏ தம்பி, உன்னத்தான். கால உள்ள இழு. நடக்கிற வழியில இப்படியா நீட்டுவாங்க? ம். இப்படி உக்காரணும்.

பாளையங்கோட்டையா? நானும் அங்கதான். அங்க யாரு இருக்கா உனக்கு? ஓ, அந்த சென்டரா? குழந்தைங்களுக்கு விளையாட்டு வழியா சிகிச்சை கொடுக்கிற படிப்பு. அதுலயா சேரப் போற? இன்னைக்குத்தான் மொத நாளா?

ஆண்டவரே!

சிரிக்கேன்னு தப்பா நினைக்காத. நானும் அதப் படிச்சவதான். உனக்கு முந்தின பேட்ச். எம் பேரு எப்சிபாய். அம்பாசமுத்திரத்துல எப்சி டீச்சர்னா எல்லாருக்கும் தெரியும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. ரெண்டும் நான்தான், முப்பது வருசமா. தாலுகா ஆபீஸ்ல இருக்கவன், மருந்துக்கடை வச்சிருக்கவன், எல்லாவனும் எங்கிட்ட அழுதுக்கிட்டே ‘அ’னா போட்டவனுங்க. இன்னைக்கும் என்னக் கண்டா பைக்க நிப்பாட்டி எறங்கி நிப்பானுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அவ்வளவு மரியாத.

அப்படிப்பட்டவளத் தரையில உக்கார வச்சி, கையில ஒரு முதலை பொம்மைய மாட்டிவிட்டு, “மேடம், இந்த முதலைக்கு இப்ப என்ன உணர்வு இருக்கு?”ன்னு கேட்டா எப்படி இருக்கும்? நீயே சொல்லு. முதலைக்குப் பசி இருக்கும். வேற என்ன எழவு இருக்கும்? அதத்தான் சொன்னேன். சுத்தி இருந்த சின்னஞ்சிறுசுங்க எல்லாம் சிரிச்சுது. பாடம் நடத்துனவ மட்டும் சிரிக்கல. “பசி. சரி. எதுக்கான பசின்னு முதலைகிட்டயே கேட்டுப் பாருங்களேன்”ங்கா. நான் முதலைகிட்ட கேக்கணுமாம். எனக்கு வந்த ஆத்திரத்துல முதலைய அவ மடியிலயே கழட்டிப் போட்டுட்டேன்.

அவ பேரு மிருதுளா. நீயும் பாப்ப. கோயம்புத்தூர்க்காரி. ஒல்லிப் பிச்சான், கண்ணாடி, காட்டன் சேல. எனக்குன்னு ஒரு மக பெறந்திருந்தா அவ வயசுதான் இருக்கும். கல்யாணம் ஆகல, ஒரு பிள்ளை பெறல. அவ நமக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்லித் தாரா! எனக்கும் பிள்ளை கெடையாதுதான், அது வேற. நான் ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்கு மூக்குச் சிந்தி விட்டிருக்கேன். அவ சிந்தியிருப்பாளா?

என்னெல்லாம் படிக்கணும்கிற? கேளு. பிள்ளை விளையாடும்போது கேள்வி கேக்கக் கூடாது. “வெரி குட்”னு சொல்லக் கூடாது. ஏன்னு கேட்டா, நீங்க மெச்சுனா பிள்ளை உங்களுக்காக விளையாட ஆரம்பிச்சிரும்ங்கா. பெறவு யாருக்காக விளையாடணும், கலெக்டருக்காகவா? திருத்தக் கூடாது. பிள்ளை யானைக்குப் பச்சை கலர் அடிச்சா அடிக்கட்டும். அது என்ன செய்யுதோ அத நாம வாயால சொல்லிக்கிட்டு இருக்கணும். “நீ மணல அள்ளுத. நீ மணலக் கொட்டுத.” ரேடியோவுல கிரிக்கெட் கமென்ட்ரி சொல்லுவாங்கல்லா, அதுதான். இதுக்கு ஒரு படிப்பு, இதுக்கு ஒரு ஃபீஸ்.

இன்னொண்ணு கேளு. பிள்ளை கோவப்பட்டா மொதல்ல நாம அமைதியாகணுமாம். அதுக்குத் தன்னத்தானே அமத்தத் தெரியாதாம். நம்ம மூச்சப் பாத்துத்தான் அது தன் மூச்சக் கத்துக்கிடுமாம். “அழாதன்னு சொன்னா அழுகை உள்ள போகுமே தவிர அடங்காது. மொதல்ல உங்க மூச்சு அடங்கணும் மேடம்”னா. நாப்பது பிள்ளைங்க இருக்க வகுப்புல எம் மூச்சு அடங்குனா நேரா பெட்டியில வச்சி கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கொண்டு போகணும்னு சொன்னேன். கோபத்த உடம்புல எந்த எடத்துல உணருறீங்கன்னு வேற ஒரு கேள்வி. ஒவ்வொருத்தியும் நெஞ்சுல, தொண்டையில, வயித்துலன்னு அழுதுக்கிட்டே சொல்லுதாளுவ. எனக்கு எங்கயும் இல்ல, எனக்குக் கோபமே வராதுன்னேன். எதுக்கு எல்லாரும் அப்படித் திரும்பிப் பாத்தாளுவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மணல் தட்டு ஒண்ணு வச்சிருப்பா. ஒரு பெரிய தட்டுல ஆத்து மணலு. அலமாரி நிறைய குட்டிக் குட்டி பொம்மைங்க. உங்க மனசுல உள்ள உலகத்த இதுல வைங்கன்னா. ஒருத்தி பாலம் கட்டுதா, ஒருத்தி அம்மா பொம்மையப் பொதச்சி வச்சிட்டு ஓன்னு அழுதா. நான் அலமாரியில இருந்த எல்லாத்தையும் எடுத்தேன். உயரப்படி வரிசையா நிப்பாட்டுனேன். ஆடு, மாடு, டாக்டர், போலீஸ்காரன், கல்யாணப் பொண்ணு, எல்லாம். நடுவுல அளந்து வச்ச மாதிரி எடைவெளி. அழகுன்னா அழகு. “இதுல நீங்க எங்க இருக்கீங்க மேடம்?”னு கேட்டா மிருதுளா. நான் எதுக்கு அதுக்குள்ள இருக்கேன்? வெளிய நின்னு அசெம்பிளி நடத்துதேன்லான்னேன். “இவங்க யாராவது ஏதாவது பேசுவாங்களா?”ன்னா. அசெம்பிளியில எப்படிப் பேசுவாங்க? அறிவுள்ளவ கேக்கிற கேள்வியா இது?

என்ன, சிரிக்க? சிரி சிரி. நீயும் நாளைக்கு மணல்ல உக்காருவல்லா.

எதுக்குப் போனேன்னு கேக்கியா? நானா போகலம்மா, அனுப்புனாங்க. எங்க ஸ்கூலுக்கு எதுத்தாப்புல புதுசா ஒரு ஸ்கூல் வந்துச்சு. வாசல்லயே போர்டு, குழந்தைகள் மனநல அறைன்னு. எங்க தாளாளர் ஐயாவுக்குத் தூக்கம் போச்சு. அரிசி மூட்ட கெடந்த ரூமக் காலி பண்ணி, மஞ்ச பெயிண்ட் அடிச்சி, பாய் விரிச்சி, பொம்மையும் மணல் தட்டும் வாங்கிப் போட்டுட்டாரு. போர்டும் மாட்டியாச்சு. உள்ள உக்கார ஒரு ஆளு வேணும், சுவத்துல மாட்ட ஒரு சர்ட்டிபிகேட் வேணும். நான்தான் சீனியர். “டீச்சர், சனிக்கிழமை சனிக்கிழமை போய்ட்டு வந்திருங்க”ன்னாரு. சரின்னேன். எனக்கு அந்தப் போர்டு முக்கியமில்ல பாத்துக்கோ. அதுக்கு வேற காரணம் உண்டு.

எங்கிட்ட சஷ்டிகான்னு ஒரு பிள்ளை. அவளுக்காகத்தான் போனேன்.

அது சிரிச்சா கன்னத்துல குழி விழும். ரெண்டு சடை. அப்பன் மஸ்கட்ல இருக்கான். அம்மா இசக்கிராணி வீட்டுல துணி தச்சிக் கொடுக்கா. எல்.கே.ஜி.ல வந்து சேந்த புதுசுல அப்படிப் பேசுவா அவ! வாயா அது? காலையில வந்தா மணியடிக்கிற வரைக்கும் பேச்சு. எங்க பூனை குட்டி போட்டுச்சி டீச்சர், எங்க அப்பா போன்ல அழுதாரு டீச்சர், உங்க மூக்குல முடி இருக்கு டீச்சர். வகுப்பே சிரிக்கி. நான் எப்படிப் பாடம் நடத்த? முப்பது வருசத்துல இதுபோல எத்தன வாயாடிங்களப் பாத்திருக்கேன். எல்லா டீச்சரும் செய்யுததுதான் செஞ்சேன். ரெண்டே வாரம். அப்படியே அடங்கிட்டா. கையக் கட்டுனா கட்டுன கை. இசக்கிராணிய வரச் சொல்லி நானே சொன்னேன், “பாத்தியா, உம் பிள்ளை தங்கமா மாறிட்டா”ன்னு. அவளும் சந்தோசமாத்தான் தலையாட்டுனா.

ஆனா பெறவு என்னன்னா, அந்தப் பிள்ளை ஸ்கூல்ல பேசவே மாட்டேங்கு. ஒரு வார்த்தை கெடையாது. பேரு கேட்டா சொல்லாது, ஒண்ணுக்கு வந்தாக்கூட சொல்லாது. வீட்டுக்குப் போனா பேசுதாம். ஸ்கூல் கேட்டத் தாண்டுனா வாய் பூட்டிக்கிடும். என்ன காரணம்னே தெரியல. அப்பன் மஸ்கட் போன ஏக்கமா இருக்கும்னு நான் சொன்னேன். இல்ல, அவரு பிள்ளை பெறக்கிறதுக்கு முந்தியே போயிட்டாருன்னு இசக்கிராணி சொல்லுதா. அப்பம் ஏதாவது கண்ணேறா இருக்கும்.

தாளாளர் ஐயா சொல்லிட்டாரு. யு.கே.ஜி. முடியிறதுக்குள்ள பேசலன்னா ஒண்ணாம் வகுப்புல ஏத்த முடியாது, டி.சி. வாங்கிட்டு வேற மாதிரி ஸ்கூல் பாருங்கன்னு. வேற மாதிரி ஸ்கூல்னா புரியுதுல்லா? இவ்வளவு புத்தி உள்ள பிள்ளைய! ஒரு தடவ எழுதிப் போட்டா அப்படியே எழுதுவா. நான் பாத்துக்கிடுதேன், எனக்கு டைம் குடுங்கன்னேன். எனக்குச் சொந்தம்னு சொல்லிக்கிட யாரும்மா இருக்கா? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரா அவ வீட்டுக்குத்தான் போவேன். போனா அம்மா பின்னால போய் ஒளிஞ்சிக்கிடுவா. வெக்கம். கொண்டு போன அதிரசத்த அப்புறமா திங்கும்னு சொல்லுவா இசக்கிராணி.

அதுக்காகத்தான் அந்த முதலையயும் மணலையும் சகிச்சிக்கிட்டேன். பல்லக் கடிச்சிக்கிட்டு.

படிப்பு பாதி முடிஞ்சதும் ஒரு பிள்ளைய வச்சி நாமளே செய்யணும். நான் சஷ்டிய எடுத்தேன். வாரம் ஒரு நாள், அந்த மஞ்ச ரூம்ல. மிருதுளா போன்ல கேப்பா, எப்படிப் போச்சுன்னு. எப்படிப் போகும்? பிள்ளை வரும், பாயில உக்காரும், மணல அள்ளும். நான் கமென்ட்ரி சொல்லணும். “நீ மணல அள்ளுத. நீ என்னப் பாக்க. நீ மறுபடி மணல அள்ளுத.” எனக்கே நாணமா இருக்கும். வெளிய ஆயாம்மா போகும்போது வரும்போது எட்டிப் பாத்து வாயப் பொத்திச் சிரிப்பா. ஒரு தடவ பிள்ளை மணல எம் மூஞ்சியிலயே எறிஞ்சிட்டு. வேற எடமா இருந்தா நடக்கிறதே வேற. அங்க என்ன சொல்லணும்? “உனக்கு எறியணும்னு தோணுது. எம் மேல எறியக் கூடாது. அந்தக் கூடையில எறியலாம்.” சொன்னேன். வாயெல்லாம் மணலு, துப்பிக்கிட்டே சொன்னேன். பிள்ளை என்னைய ஒரு பார்வை பாத்துச்சி பாரு. இது நம்ம டீச்சர்தானான்னு பாக்குத மாதிரி. பெறவு கூடையில எறிஞ்சிச்சி. எறிஞ்சிட்டுச் சிரிச்சிச்சி. ஸ்கூல்ல அது சிரிச்சி நான் பாத்து ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்.

அத மிருதுளாகிட்ட சொன்னப்ப, “அருமை மேடம். அவளுக்கு உங்ககிட்ட பயம் குறையுது”ன்னா. என்ன பயம்? எங்கிட்ட எந்தப் பிள்ளைக்கும் பயம் கெடையாதுன்னு போன வச்சிட்டேன். உளறுததுக்கு ஒரு அளவு வேண்டாமா?

கல்லிடைக்குறிச்சி தாண்டியாச்சா? சரி.

கடைசிப் பரீட்சைன்னு ஒண்ணு. மிருதுளாவே ஸ்கூலுக்கு வந்து மூலையில உக்காந்து பாப்பா. அதுல தேறுனாத்தான் சர்ட்டிபிகேட். அன்னைக்கு வந்தா. இசக்கிராணி வராண்டாவுல இருக்கா. தாளாளர் ஐயா ஆபீஸ்ல. நானும் பிள்ளையும் பாயில. மிருதுளா ஒரு சத்தம் காட்டல, மூலையில பல்லி மாதிரி இருந்தா.

சஷ்டி அன்னைக்கு மணலத் தொடல. அலமாரியில இருந்து குட்டிக் குட்டி பொம்மைங்களா எடுத்து வந்து பாயில உக்கார வைக்கா. வரிசையா. நான் சொல்லுதேன், “நீ வரிசையா வைக்க.” ஒரு பெரிய பொம்மைய எடுத்தா. எங்கிட்ட கைய நீட்டுனா. எம் மடியில கெடந்த கைக்குட்டை வேணுமாம். கொடுத்தேன். அத பொம்மை தோள்ல சேல முந்தி மாதிரிப் போட்டா. போட்டுட்டு முன்னால நிப்பாட்டுனா. பெறவு ஒரு சின்ன பொம்மைய வரிசையில இருந்து இழுத்து அது முன்னால வச்சா.

வச்சிட்டு வாயத் தொறந்தா பாரு.

கணீர்னு! அந்தப் பெரிய பொம்மைய ஆட்டி ஆட்டிப் பேசுதா. “பேச்சு, பேச்சு, எப்பப் பாத்தாலும் பேச்சு! இனிமே பேசுவியா? பேசுவியா? நாக்குல சூடு வைக்கட்டா?” சின்ன பொம்மை தரையில விழுது. அத எடுத்து நிப்பாட்டுதா. “கேக்கேன்லா? பதில் சொல்லு! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” மறுபடி தள்ளிவிடுதா. “போ, கதவுக்கு வெளிய போய் நில்லு. மூதேவி.” ஒரு வார்த்தை திக்கல. ஒரு எழுத்து முழுங்கல. எனக்கு அழுகை வந்திட்டு. ஆண்டவரே, பிள்ளை பேசிட்டே! எந்த வீட்டுல எந்த மூதி இந்தப் பிள்ளை முன்னால அப்படிப் பேசுனாளோ, எந்த சீரியல்ல பாத்துச்சோ, அதெல்லாம் அப்பம் எனக்குத் தோணல. பேசிட்டால்லா? ஒண்ணாம் வகுப்பு உறுதியாயிட்டுல்லா?

அப்பம் நான் கமென்ட்ரி சொல்லியிருக்கணுமாம். “அந்தச் சின்ன பொம்மைக்குப் பயமா இருக்கு”ன்னு மெதுவாச் சொல்லிட்டுச் சும்மா இருந்திருக்கணுமாம். மிருதுளா பிற்பாடு சொன்னா. ஒரு வருசமா ஊமையா இருந்த பிள்ளை பேசுது, சும்மா இருன்னா இருக்க முடியுமா? நான் எந்திரிச்சேன். கதவத் தொறந்தேன். “ஐயா! ஐயா வாங்க! இசக்கிராணி, ஓடி வா! சஷ்டி பேசிட்டா!”ன்னு கத்துனேன். மிருதுளா பின்னாலேயே வந்து, “மேடம், வேண்டாம், ப்ளீஸ், இப்ப வேண்டாம்”ங்கா. எங் கையப் பிடிக்கா. நான் உதறிட்டேன்.

எல்லாரும் வந்தாங்க. ஐயா வந்தாரு, ஆயாம்மா வந்தா, கிளார்க் வந்தான். ஐயா செல்போனத் தூக்கிக்கிட்டு, “பேசச் சொல்லுங்க டீச்சர், வீடியோ எடுத்து பேரன்ட்ஸ் குரூப்ல போடுவோம்”ங்காரு. நம்ம வீடுகள்ல செய்யுததுதான. மாமா வந்திருக்காங்க, ஒரு பாட்டு பாடு கண்ணு, அத்தைக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு. யாரு வீட்டுல செய்யல? உங்க வீட்டுல செய்யலையா? அதத்தான் நானும் சொன்னேன். “சஷ்டி, என் ராசாத்தி, ஐயாவுக்கு ஒரு குட் மார்னிங் சொல்லு.”

பேசல. பொம்மைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு நிக்கா.

“சரி, அந்தப் பொம்மைகிட்ட சொன்னல்லா, அதயே சொல்லு. அம்மா கேக்கட்டும்.” பேசல. கிளார்க் பாக்கெட்ல இருந்து மிட்டாய எடுத்து நீட்டுதான். பேசல. ஐயா செல்போன எறக்கிட்டாரு. “என்ன டீச்சர், நெசமாவே பேசுனாளா?”ன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? இவ்வளவு பேரு முன்னால! முப்பது வருச சர்வீஸ்! நான் கிட்டப் போய்க் குனிஞ்சி சொன்னேன், “இப்பதான அப்படிப் பேசுன? கேக்கேன்லா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?”

சொன்னதும் மிருதுளா என்னப் பாக்கா. இசக்கிராணி என்னப் பாக்கா. அந்த ஆயாம்மாகூட தலையக் குனிஞ்சிக்கிட்டா. என்ன பாக்க இருக்குங்கேன்? ஊர் உலகத்துல எல்லாரும் சொல்லுத வார்த்தைதான அது? நான் என்ன புதுசாவா கண்டுபிடிச்சேன்? நீயும் இப்பம் அப்படிப் பாக்காத. எனக்குப் பிடிக்காது.

பிள்ளை நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டு. புதுப் பாய். அந்தப் பொம்மை காலெல்லாம் நனஞ்சிட்டு. அழக்கூட இல்ல பாத்துக்கோ, அப்படியே நிக்கி. இசக்கிராணி வந்து தூக்கிக்கிட்டுப் போனா.

எல்லாம் அந்த மிருதுளா வந்ததால வந்த வினை. புது ஆளப் பாத்தா பிள்ளை மிரளாதா? அத நேராவே சொன்னேன். அவ பதிலுக்குச் சண்டை போட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். போடல. பாயச் சுருட்டிக்கிட்டே, “மேடம், அவ பேசினப்போ உங்களுக்கு உள்ள என்ன ஆச்சு?”ன்னு கேக்கா. சந்தோசம், வேற என்னன்னேன். “அதுக்கு முன்னாடி? கைக்குட்டைய பொம்மை மேல போட்டப்போ?” ஒண்ணும் ஆகலன்னேன். “சரி. சர்ட்டிபிகேட்ட இப்ப தர முடியாது. கொஞ்ச நாள் நீங்க எங்கிட்ட வாங்க. பாடத்துக்கு இல்ல. உங்களுக்காக”ன்னா. எனக்கா? எனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? நீ போம்மா உன் முதலையையும் தூக்கிக்கிட்டுன்னு அனுப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரியில இருந்து பிள்ளை வீட்டுலயும் பேசல. அதான். வீட்டுல பேசிக்கிட்டு இருந்த பேச்சும் போச்சு. ஞாயித்துக்கிழமை போனேன். இசக்கிராணி வாசல்லயே நின்னுக்கிட்டா. “டீச்சர், நீங்க இனி வீட்டுக்கு வர வேண்டாம்”னா. கோவமாச் சொல்லல. எங்கிட்ட படிச்சவ அவளும். அவளுக்கும் நான்தான் ‘அ’னா போட்டுக் கொடுத்தேன். அவ எம் மூஞ்சியப் பாத்துப் பேசுனது அதுதான் மொதத் தடவ. அதிரசத்தத் திருப்பிக் கொண்டு வந்தேன். எனக்குச் செத்துரலாம் போல இருந்திச்சி. நான் அந்தப் பிள்ளைக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? சொல்லு பாப்போம். பேச வச்சதே நான்தானே?

இசக்கிராணி டி.சி. வாங்கிட்டா. இப்பம் சனிக்கிழமை சனிக்கிழமை சஷ்டிய இதே பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுல கூட்டிக்கிட்டு மிருதுளாகிட்ட போறா. அவளே பாக்கா, காசு வாங்காம. வாங்காம செய்யட்டுமே, அதுக்காக அவ பெரிய ஆளாயிருவாளா? ஆமா, மஞ்ச ரூம் பூட்டிக் கெடக்கு. ஐயா மறுபடி அரிசி மூட்டய எறக்கிட்டாரு.

நீ கேப்ப, பெறவு நீங்க எதுக்கு டீச்சர் வாரம் வாரம் பாளையங்கோட்டைக்குப் போறீங்கன்னு. கேளு, கேட்டா என்ன? எனக்கு அங்க வேலை இருக்கு. கொஞ்சம் சாமான் வாங்கணும்.

சென்டருக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருக்கு, நீயும் பாப்ப. அங்க ஒரு டீயச் சொல்லிட்டு நிப்பேன். அவங்க இங்க வர ஆரம்பிச்சி ஒரு மாசம் கழிச்சி நான் மொதத் தடவ போனப்ப, மாடிப்படியில எறங்கி வாராங்க. சஷ்டி ஒவ்வொரு படியா குதிச்சிக் குதிச்சி வாரா. வாய் அசையுது! அம்மா சேலையப் பிடிச்சி இழுத்து என்னமோ சொல்லுதா. கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுதா, பூனைக் கதையா என்னவோ. “சஷ்டி!”ன்னு கூப்பிட்டுக்கிட்டே ரோட்டுல எறங்கிட்டேன். ஆட்டோக்காரன் ஏசுதான். அவ திரும்பி என்னப் பாத்தா. பாத்தாளா, அவ்வளவுதான். சொல்லிக்கிட்டு இருந்தத பாதியில விட்டுட்டா. கையக் கட்டிக்கிட்டா. நடு ரோட்டுல, அம்மா பக்கத்துல நிக்கும்போது, கையக் கட்டிக்கிட்டு தலையக் குனிஞ்சி நிக்கா.

நான் அப்படியே திரும்பிட்டேன். கடைக்குள்ள வந்து ரஸ்க் டப்பாவுக்குப் பின்னால நின்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வாய் அசஞ்சுது.

இப்பமெல்லாம் நான் வெளிய வாரதில்ல. அங்க நின்னே பாப்பேன். ஒரு எழவும் கேக்காது, பஸ்ஸு ஹாரனும் ஆட்டோவும். ஆனா பேசுதா. அது தெரியுது.

சர்ச்சு ஸ்டாப்பு வந்தாச்சு, சென்டருக்கு இங்கதான். எறங்கு, எறங்கு, பைய மறந்திராத. நீ நேரா மாடிக்குப் போ. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி பின் தெருவழியா வந்துக்கிடுவேன். ஏம்மா, இங்க பாரு. ரெண்டு சடை போட்ட பிள்ளை ஒண்ணு மேல இருக்கும். அவகிட்ட நல்லா சிரிச்சிப் பேசு. நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிராத. சொன்னா வாய மூடிக்கிடுவா.